30ஆம் இலக்கப் படையணியும் எங்கள் வீட்டு ரொட்டியும்

பதிவு கொஞ்சம் நீளம். ரொட்டி சுடும் நேரத்தில் வாசித்தால் கருகிவிடும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

ராகலையில் படிப்பிக்கிற நாங்கள் சில காலமாக ஒன்றைக் கவனித்து வருகிறோம். இடைவேளையில் பையன்கள் கூடி நின்று பேசுவது முன்பெல்லாம் கிரிக்கெட்டைப் பற்றி. இப்போது அதில் பாதி நேரத்தை யுத்த விமானங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது ரஃபேல் பெரிதா, ஜே-10 பெரிதா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து நின்றது. டிக்டொக்கில் பாட்டுப் போட்டு, வேகத்தைக் கூட்டி, வெடிப்பதை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். விமானத்தின் வேகம், இயந்திரத்தின் பெயர், ஏவுகணையின் தூரம் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அது யாருடைய தலைக்கு மேலே பறந்தது என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

பிள்ளைகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. விமானத்தில் ஆசை வருவது வயதின் இயல்பு. மலைக்கு மேலே ஒரு ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் நாங்களும் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு யன்னலோரம் போகிறவர்கள்தான். எங்கள் கவலை வேறு. யுத்த விமானத்தின் கதையை விமானத்துக்குள் உட்கார்ந்துகொண்டு மட்டும் சொல்லும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. அதைக் கீழே நின்றும் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிப் பார்ப்பதற்கு வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. இரத்மலானையில் இருந்து பறந்த ஒரு படையணியின் கதையே போதும்.

பிரித்தானிய அரச விமானப்படையின் 30ஆம் இலக்கப் படையணி. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி காலை கொழும்பின் வானத்தில் ஜப்பானியரோடு சண்டையிட்ட படையணிகளில் ஒன்று. அதன் முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் நாங்கள் சொல்ல வருவது புரியும்.

இந்தப் படையணி முதலாம் உலக யுத்தம் தொடங்கிய காலத்தில் எகிப்தில் பிறந்தது. 1915இல் அதற்கு 30 என்ற இலக்கம் கிடைத்தது. பிறகு இன்றைய ஈராக்குக்கு, அன்று மெசப்பொத்தேமியா என்று சொல்லப்பட்ட மண்ணுக்கு அனுப்பப்பட்டது. அங்கே கூத் என்ற ஊரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் படை துருக்கியரின் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்த சிப்பாய்களில் பெரும்பகுதியினர் இந்தியர்கள். முஸ்லிம், இந்து, சீக்கியர் எல்லோரும் அதில் இருந்தார்கள். வெளியே முற்றுகையிட்டு நின்ற ஒத்தோமான் படையிலும் முஸ்லிம்கள். இரண்டு பக்கமும் தொழுகைக்கு ஒரே திசையைப் பார்த்தவர்கள், துப்பாக்கிக் குழலை மட்டும் ஒருவர் பக்கம் ஒருவர் திருப்பி வைத்திருந்தார்கள்.

முற்றுகைக்குள் சாப்பாடு தீர்ந்தது. 1916 ஏப்ரலில் 30ஆம் படையணியின் சிறிய விமானங்கள் மாவு மூட்டைகளைக் கட்டிக்கொண்டு போய் மேலே இருந்து போட்டன. மா அரைக்கும் கல்லைக்கூட பாரசூட்டில் இறக்கினார்கள். பட்டினியில் கிடந்தவர்களுக்கு ஆகாயத்திலிருந்து உணவு போட்ட முதல் முயற்சிகளில் ஒன்றாக அதை விமான வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த விமானங்கள் சுமந்த அளவு பல்லாயிரம் வாய்களுக்குக் காணவில்லை. ஏப்ரல் 29ஆம் திகதி கூத் சரணடைந்தது.

மா போட்ட படையணி என்று கேட்கும்போது மனதுக்கு இதமாக இருக்கிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

யுத்தம் முடிந்தது. ஈராக் பிரித்தானியரின் கைக்கு வந்தது. 1920இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தரைப்படையை வைத்து அடக்குவதற்குச் செலவு அதிகம், விமானம் மலிவு என்று லண்டனில் கணக்குப் போட்டார்கள். 1922 முதல் ஈராக்கின் பாதுகாப்புப் பொறுப்பே விமானப்படையிடம் கொடுக்கப்பட்டது. கீழ்ப்படியாத கிராமம், வரி கட்டாத குலம் என்று குறிக்கப்பட்ட இடங்களுக்கு முதலில் துண்டுப்பிரசுரமும் பிறகு குண்டும் போயின. அந்த வேலையைச் செய்த படையணிகளில் 30ஆம் படையணியும் ஒன்று. சில வருடங்களுக்கு முன்பு மா போட்ட அதே நாட்டில், அதே இலக்கத்தைத் தாங்கிய விமானங்கள் மண் வீடுகளுக்கு மேலே குண்டு போட்டன. அந்தப் படையணியின் சின்னத்தில் ஒரு பேரீச்ச மரம் இருக்கிறது. மத்திய கிழக்கில் பணி செய்ததன் ஞாபகமாம். நோன்பு திறக்கும்போது நாங்கள் கையில் எடுக்கும் அதே பேரீச்சையின் மரம். அந்த மரத்தடியில் இருந்தவர்கள் படையணியை எப்படி ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று சின்னம் வரைந்தவர் யோசித்திருப்பாரா தெரியாது.

இரண்டாம் உலக யுத்தத்தில் இதே படையணி கிரேக்கத்துக்குப் போனது. 1941 மே மாதம் கிரீட் தீவில் ஜெர்மன் பாரசூட் படை இறங்கியபோது, பறப்பதற்கு விமானம் இல்லாமல் நின்ற அதன் தரைப் பணியாளர்கள் துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டார்கள். பலர் பிடிபட்டார்கள். இயந்திரம் பூட்டுகிறவன், எண்ணெய் ஊற்றுகிறவன் எல்லாம் யாருக்கும் பெயர் தெரியாதவர்கள். விமானியின் படம் சுவரில் தொங்கும். இவர்களுடைய படம் எங்கேயும் தொங்காது. அது போகட்டும். மிஞ்சியவர்களுக்குப் புதிதாக ஹரிக்கேன் சண்டை விமானங்கள் கொடுக்கப்பட்டன. வட ஆப்பிரிக்காவில் பறந்தார்கள். அங்கிருந்துதான் இலங்கைக்கு அழைக்கப்பட்டார்கள்.

ஏன் இலங்கைக்கு? 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு மிஞ்சிய பெரிய கடற்படைத் தளங்கள் கொழும்பும் திருகோணமலையும். மலாயா போன பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைக்கும் முக்கிய இடமும் இலங்கைதான். தேயிலை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யுத்த காலத்தில் பிரித்தானிய உணவு அமைச்சு தேயிலையை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டது. லண்டனில் குண்டு விழும் இரவில் ஆறுதலுக்குக் குடித்த தேநீரில் எங்கள் மலையின் கொழுந்தும் இருந்தது.

மார்ச் முதல் வாரத்தில் இண்டொமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து 30ஆம், 261ஆம் படையணிகளின் ஹரிக்கேன்கள் கிளம்பி இலங்கையில் வந்து இறங்கின. 30ஆம் படையணி இரத்மலானைக்குப் போனது. 261 திருகோணமலை சீனக்குடாவுக்கு. சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் அடிபட்டுச் சிதறிய 258ஆம் படையணியை இங்கே மறுபடி கட்டி எழுப்பினார்கள். அவர்களுக்குக் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலே ஓடுபாதை. அந்தத் திடலின் பழைய பார்வையாளர் கட்டடம் இன்று கடைத்தொகுதி. கொழும்புக்குப் போகும் பிள்ளைகள் அதன் வாசலில் நின்று செல்பி எடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் நாட்காட்டியைப் பாருங்கள். ஹரிக்கேன்கள் வந்து இறங்கிய அதே வாரத்தில்தான் ரங்கூன் விழுந்தது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி இறக்குமதி, அதிலும் பெரும்பங்கு பர்மாவிலிருந்து. ஆகவே விமானம் வந்த வாரமும் அரிசிக் கப்பல் நின்ற வாரமும் ஒன்று. விமானம் வந்தது சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. அரிசி நின்றது எங்கள் பாட்டிமாரின் வாயில் இருக்கிறது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. ஏப்ரல் 4ஆம் திகதி மாலை, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். கம்பியில்லாத் தந்தியில் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்டலினா விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தார்கள். மிஞ்சிய ஆறு பேரும் யுத்தம் முடியும்வரை கைதிகள். ஆனால் செய்தி கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல இரவோடு இரவாக வெளியேறின.

மறுநாள் ஈஸ்டர். காலை ஏழரை மணியளவில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தன. தலைமை தாங்கியவர் மிட்சுவோ ஃபுசிடா. பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கும் அவர்தான் வானத்தில் தலைமை. கொழும்பில் ரேடார் வைத்திருந்தார்கள். அதிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானையில் 30ஆம் படையணியின் விமானிகள் தலைக்கு மேலே எதிரியைக் கண்ட பிறகுதான் விமானத்தை நோக்கி ஓடினார்கள். குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஓடுபாதையில் ஒன்றும் இரண்டுமாக எழும்பினார்கள். சண்டை விமானத்துக்கு உயரம்தான் பலம். அவர்களுக்கு அந்த உயரம் கிடைக்கவில்லை. மேலே காத்திருந்த ஸீரோ விமானங்களோ ஹரிக்கேனைவிடக் குறுகிய வட்டத்தில் திரும்பக்கூடியவை.

30ஆம் படையணி மட்டும் ஐந்து விமானிகளை இழந்தது. பந்தயத் திடலில் இருந்த 258ஆம் படையணியிலும் ஐந்து பேர் போனார்கள். ஜப்பானியர் இழந்தது ஏழு விமானங்கள். அன்று பிரித்தானியர் அறிவித்த எண்ணிக்கை அதைப் போல் பல மடங்கு. யுத்தத்தில் எதிரியின் இழப்பு எப்போதும் வானொலியில் பெருத்துவிடும். இன்றும் அதேதான், வானொலிக்குப் பதில் யூடியூப், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற கப்பல்கள் மூழ்கின. அன்றே கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அது இன்றும் அங்கே கடலடியில் கிடக்கிறது.

விமானிகளின் தைரியத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. பலருக்கு இருபது, இருபத்திரண்டு வயது. எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைவிடச் சற்று மூத்தவர்கள். தெரியாத நாட்டின் மக்களுக்கு மேலே பறந்து செத்தார்கள். அந்த யுத்தத்தில் இறந்த வானோடிகள் சிலர் நாரஹேன்பிட்டி லிவரமெந்து கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். கண்டி யுத்தக் கல்லறைக்குப் போனால் புல்லை எவ்வளவு அழகாக வெட்டி, ஒவ்வொரு பெயரையும் எவ்வளவு கவனமாகப் பொறித்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். இறந்தவனின் பெயர், வயது, இலக்கம் எல்லாம் கல்லில் இருக்கும். அதைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்க எங்களால் முடியவில்லை. பொறாமை அந்த விமானிகள்மேல் இல்லை. எங்கள் ஆட்களுக்கும் ஒரு கல் இருந்திருக்கலாமே என்றுதான்.

அன்று கொழும்பில் செத்த பொதுமக்களும் பல பத்துப் பேர். அங்கொடை மனநோய் மருத்துவமனை மேலும் குண்டு விழுந்தது. குண்டு என்றால் என்ன, எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட முடியாத நோயாளிகள். அவர்களில் எத்தனை பெயர் நமக்குத் தெரியும்? துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இந்தியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பயந்து ஊருக்கு ஓடினார்கள், துறைமுக வேலையே தடுமாறியது. வசதியானவர்கள் மலைநாட்டுக்கு ஏறினார்கள். கொழும்பின் பெரிய பாடசாலைகள் சில இடம்பெயர்ந்தன. றோயல் கல்லூரியின் ஒரு பகுதி பண்டாரவளையில் நடந்தது. மலைக்கு ஓடி வந்த பிள்ளைகளுக்கு இங்கே வகுப்பறை கிடைத்தது. மலையிலேயே பிறந்து லயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்போது இருந்தது, துரையின் தயவில் நடந்த ஓரறைத் தோட்டப் பள்ளிக்கூடம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதன் பிறகும் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி எங்கள் தோட்டங்களுக்கு வருவோம். 1942இல் இங்கே குண்டு விழவில்லை. ஆகவே நாங்கள் யுத்தத்துக்கு வெளியே இருந்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். யுத்தம் எங்கள் வீட்டுக்கு வந்தது அடுப்பு வழியாக. அரிசி பங்கீட்டுக்குப் போனது. கூப்பன் வந்தது. கூட்டுறவுக் கடைகள் பெருகின. அரிசிக்குப் பதில் மா கொடுக்கும் வழக்கம் அந்த வருடங்களில் வேர் பிடித்தது. காலையில் பெரட்டுக்குப் போகும் முன் தட்டிப் போடும் தடித்த ரொட்டி, அதற்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல், கூடவே சாயத் தேநீர். இதை நம் பாரம்பரிய உணவு என்று பெருமையாகப் படம் எடுத்துப் போடுகிறோம். போடலாம், தவறில்லை. ஆனால் சோறு சாப்பிட்டு வந்த சனத்தின் தட்டில் மா எப்படி இவ்வளவு இடம் பிடித்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், பதிலில் ரங்கூனும் இருக்கும், இரத்மலானையும் இருக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் மோசம். 1943இல் வங்காளத்தில் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பர்மா அரிசி நின்றதும், யுத்தத் தேவைக்கு முதலிடம் கொடுத்து ஆட்சி நடத்திய விதமும் அதற்குக் காரணங்களில் அடக்கம். 30ஆம் படையணி 1944இல் இலங்கையை விட்டு பர்மா முனைக்குப் போனது. அதன் வரலாற்றில் அந்த ஆண்டு இம்பால் சண்டைக்குரியது. அதே ஆண்டு அந்த விமானங்களுக்குக் கீழே இருந்த வங்காளத்தில் பஞ்சமும் நோயும் இன்னும் ஓயவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த யுத்தம் எங்கள் மக்களுக்காக நடக்கிறது என்று யாரும் எங்களைக் கேட்டுத் தொடங்கவில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த சமசமாஜக் கட்சித் தலைவர்கள் அந்த ஆண்டே சிறை வைக்கப்பட்டார்கள். கொழும்பில் குண்டு விழுந்த அதே 1942 ஏப்ரலில்தான் அவர்கள் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பினார்கள். சுதந்திர உலகத்துக்காகச் சண்டை என்று மேடையில் பேசினார்கள். அந்தச் சண்டைக்குத் தேயிலையும் இறப்பரும் கொடுத்த கைகள் கூடுதலாகச் சில சதம் கேட்டபோது கிடைத்தது தோட்டா. யுத்தம் முடிந்து மூன்றே வருடத்தில், 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ், அதே கைகளுக்குச் சொந்தக்காரர்கள் நாடற்றவர்கள்.

சரி, 30ஆம் படையணிக்கு என்ன ஆனது? யுத்தத்துக்குப் பிறகு அது போக்குவரத்துப் படையணியாக மாறியது. 1948இல் பெர்லின் நகரத்தின் தரைவழிகள் அடைக்கப்பட்டபோது அதன் டகோட்டா விமானங்களும் உணவு ஏற்றிப் பறந்தன. கூத்தில் மா போட்ட இலக்கம், ஈராக்கில் குண்டு போட்டு, கொழும்பில் குண்டைத் தடுக்கப் பறந்து, கடைசியில் மறுபடியும் உணவு மூட்டை சுமந்தது.

ஒரே இலக்கம், ஒரே பேரீச்ச மரச் சின்னம். கீழே இருந்த ஒருவனுக்கு அது உணவு, இன்னொருவனுக்கு மரணம். வித்தியாசம் விமானத்தில் இல்லை, விமானியின் தைரியத்திலும் இல்லை. யார் கட்டளை இட்டார்கள், யாரை மனிதராக எண்ணினார்கள், யாரை எண்ணவில்லை என்பதில்தான் இருக்கிறது. அதனால்தான் எந்த விமானம் சிறந்தது என்ற கேள்வியைப் பாதிக் கேள்வி என்கிறோம்.

எங்கள் நாட்டு விமானங்களையும் இதே தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1951இல் தொடங்கிய எங்கள் விமானப்படைக்கு 1971 கிளர்ச்சியின்போது சோவியத் மிக் விமானங்கள் வந்தன. 1991இல் சீன எஃப்-7. 1996இல் இஸ்ரேலின் கிபிர், அதற்கென்று 10ஆம் இலக்கப் படையணி. 2000இல் மிக்-27. கிபிர் என்றால் எபிரேய மொழியில் சிங்கக்குட்டி. பெயர் அழகுதான். தெற்கில் பெப்ரவரி 4ஆம் திகதி காலிமுகத்திடலுக்கு மேலே அது சீறிப் பாயும்போது பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். வன்னியில் அதே சத்தம் கேட்டால் பிள்ளைகள் பங்கருக்குள் ஓடினார்கள். 2006 ஆகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனம் செஞ்சோலையில் விழுந்த குண்டுகளில் 50க்கும் மேற்பட்ட இளம் பெண்கள் இறந்தார்கள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். அவர்கள் பாடசாலை மாணவிகள் என்று யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் யுனிசெப்பும் சொன்னன. ஒரே நாட்டின் பிள்ளைகளுக்கு ஒரே விமானத்தைப் பற்றி இரண்டு ஞாபகம் இருக்கிறது என்றால், வரலாற்றுப் பாடத்தில் இரண்டுக்கும் இடம் வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் மறைத்தது எங்கேயும் போகாது. அடுத்த தலைமுறையில் வேறு உருவத்தில் வரும்.

காசுக் கணக்கும் சொல்ல வேண்டும். 2021இல் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் ஆனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1000 கோடி ரூபாய். அதே 2021இல்தான் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது, அதுவும் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு. வகுத்துப் பாருங்கள். ஐந்து விமானத்தின் புதுப்பிப்பு, ஒரு கோடி நாள் சம்பளம். அடுத்த ஆண்டே நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது.

சிலர் கேட்பார்கள்: அப்படியென்றால் நாட்டுக்கு விமானப்படையே வேண்டாமா சேர்? 1942இல் ஹரிக்கேன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நியாயமான கேள்வி. அன்று அந்த இளைஞர்கள் எழும்பாமல் இருந்திருந்தால் துறைமுகத்துக்கு வந்த சேதம் இன்னும் கூடியிருக்கும். காவல் இல்லாத வீடு வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. காவலுக்கு எவ்வளவு செலவழிக்கலாம், அதைச் சமையலறையில் இருந்து எடுக்கலாமா என்று வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து பேச வேண்டும் என்கிறோம். அப்படிப் பேசுவதற்கு, இதற்கு முன் காவல் எப்படி நடந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் வரலாறு.

சாதாரண தர வரலாற்றில் உலக யுத்தங்கள் பாடமாக இருக்கின்றன. பெர்லினும் ஹிரோஷிமாவும் பிள்ளைகளுக்குத் தெரியும். இரத்மலானை தெரியாது, முல்லோயா தெரியாது. கொழும்புச் சுற்றுலா போகிற பாடசாலைகள் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல், இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகம் என்று சுற்றி வருகின்றன. அருங்காட்சியகத்தில் விமானத்தைத் தொட்டுப் பார்க்கலாம், நல்லது. அங்கே நிற்கும் ஒவ்வொரு விமானத்துக்கு முன்னாலும் பிள்ளைகள் நான்கு கேள்வி கேட்கப் பழக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

1. இது எதைச் சுமந்து போனது?
2. யார் அனுப்பினார்கள்?
3. யாருடைய காசில் பறந்தது?
4. கீழே யார் இருந்தார்கள், அவர்களுடைய பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

நான்காவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் கிடைக்காது. அந்தப் பதிலைத் தேடுவதுதான் எங்கள் வேலை.

அவசரமும் இருக்கிறது. 1942இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. ராகலை, ஹல்கரனோயா, உடப்புசல்லாவை, கந்தப்பளைப் பக்கத் தோட்டங்களில் அப்படியானவர்கள் மிகச் சிலர்தான் மிஞ்சியிருப்பார்கள். அவர்களும் போய்விட்டால் கூப்பன் காலம், மா காலம், கொழும்பிலிருந்து ஓடி வந்தவர்களின் கதை எல்லாம் அவர்களோடு மண்ணுக்குள் போய்விடும். படையணியின் கதைக்கு லண்டனில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் யார் எத்தனை மணிக்குப் பறந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் கதைக்கு இருப்பது எங்கள் அப்பத்தாவின் ஞாபகமும், தாத்தாவின் பெட்டிக்குள் மடித்து வைத்த பழைய கூப்பன் புத்தகமும் மட்டும்.

ஆகவே வரலாறு படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்கிறோம். இந்தத் தவணை விடுமுறையில் உங்கள் லயத்திலோ டவுனிலோ வயதில் மூத்தவர் ஒருவரிடம் போங்கள். அவர் தமிழராகவோ, முஸ்லிமாகவோ, சிங்களவராகவோ இருக்கலாம். எந்தக் கடையில் அரிசி வாங்கினார்கள், கூப்பனில் என்ன கிடைத்தது, ரொட்டி எப்போது தட்டுக்கு வந்தது, யுத்தம் பற்றி அவர்களுடைய தாய் தகப்பன் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். 1942ஐ நேரில் கண்டவர் இல்லாவிட்டால் கேட்டறிந்தவர் இருப்பார். டிக்டொக் எடுக்கும் அதே போனில் பதிவு செய்யுங்கள். பெயரையும் தோட்டத்தையும் வருடத்தையும், அவர்கள் சம்மதித்தால், கொப்பியில் எழுதுங்கள். கேட்கும்போது குறுக்கே பேச வேண்டாம். அவர்கள் அழுதால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுங்கள்.

பெற்றோரிடமும் ஒன்று. பிள்ளை யுத்த வீடியோ பார்க்கும்போது போனைப் பறிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நான்காவது கேள்வியை மட்டும் கேளுங்கள். பதில் தெரியாது என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கு அது போதும்.

சக ஆசிரியர்களே, பிள்ளைகள் கொண்டுவரும் குறிப்புகளை ஒரு கோப்பில் சேர்த்துப் பாடசாலை நூலகத்தில் வைக்கலாம். அதற்குச் சுற்றுநிருபம் தேவையில்லை. முதல் கோப்பை ராகலையில் நாங்கள் தொடங்குகிறோம். மற்றப் பாடசாலைகளில் யார் சேர்கிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.